அரபு இளைஞர்களுக்கான இஸ்லாமிய டிவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த சானல்களைப் பற்றிய பக்கம் இது?

அரபு நாடுகளில் வீட்டு மாடிக்கு மாடி டிஷ் ஆன்டெனா முளைத்த காலத்தில், இளைஞர்களைக் குறிவைத்துத் தொடங்கிய மார்க்க சானல்களும் நிகழ்ச்சிகளும்தான் விஷயம். இக்ரா, அர்-ரிசாலா, ஃபோர் ஷபாப் மாதிரி சானல்கள். அம்ர் காலித், அஹ்மத் அஷ்-ஷுகைரி மாதிரி முகங்கள். பெரும்பாலும் எகிப்திலும் சவூதியிலும் நடந்த கதை, அதுவும் சுன்னி முஸ்லிம்களிடையே நடந்தது. ஷியா சானல்களின் கதை தனி, அதை இங்கே தொடவில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் பாதிப் பெயர்கள் தெரிந்திருக்கும். ரமலான் மாதத்தில் ரூமில் நோன்பு திறக்கிற நேரத்தில் டிவியில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள்தான் இவை.

இது எப்போது, ஏன் ஆரம்பித்தது?

அரபு சாட்டிலைட் டிவி என்று பெரிதாக ஒன்று வந்தது 1991இல், லண்டனிலிருந்து எம்பிசி ஒளிபரப்பத் தொடங்கியபோது. 1996இல் அல் ஜஸீரா வந்தது. அதில் எகிப்திய மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி ஷரீஅத் (இஸ்லாமியச் சட்டம்) பற்றிப் பேசும் நிகழ்ச்சி அந்த வருடமே தொடங்கியது. ஆனால் அது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சொல்லும் பெரியவரின் நிகழ்ச்சி. பதினெட்டு வயதுப் பையன் அதற்காக ரிமோட்டைக் கையில் எடுக்க மாட்டான்.

1998இல் இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது. எகிப்தின் நைல்சாட் சாட்டிலைட் மேலே போனது. சவூதித் தொழிலதிபர் ஸாலிஹ் காமில் தன் ஏஆர்டி டிவி குழுமத்திலிருந்து இக்ரா என்ற சானலைத் தொடங்கினார். முழுநேர மார்க்க சானல்களில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

அடுத்த சில வருடங்களில் எதிர்ப்பக்கம் யார் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ரொட்டானா, மெலடி, மஸ்ஸிகா என்று நாள் முழுக்கப் பாட்டு ஓடும் சானல்கள். 2003 கடைசியில் லெபனானிலிருந்து ஸ்டார் அகாடமி வந்து, பையன்களும் பெண்களும் ஒரே வீட்டில் தங்கிப் பாடுவதை மணிக்கணக்கில் காட்டியது. வீட்டுப் பெரியவர்கள் கொதித்தார்கள், பிள்ளைகள் பார்த்தார்கள். பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்று திட்டி இதை நிறுத்த முடியாது, அதே திரையில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சிலருக்குப் பட்டது.

அம்ர் காலித் யார்? எங்கே பார்த்தாலும் அவர் பெயர்தானே வருகிறது?

வரத்தான் செய்யும். 1967இல் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்தவர், தொழிலால் கணக்காளர். மதரஸாவில் ஓதியவர் இல்லை. கெய்ரோவில் வசதியானவர்கள் கூடும் கிளப்களிலும் பிறகு பள்ளிவாசலிலும் பேசத் தொடங்கி, கூட்டம் சேர்ந்து, தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய ஆளாகிவிட்டார்.

அவர் தோற்றமே அன்றைக்குச் செய்தி. தாடி இல்லை, ஜுப்பா இல்லை. கோட்டு அல்லது போலோ சட்டை. பேசியது புத்தக அரபி இல்லை, கெய்ரோ தெருவில் பேசுகிற எகிப்திய அரபி. ஜனங்கள் அவரை ஷேக் என்றுகூடக் கூப்பிடவில்லை, உஸ்தாஸ், அதாவது சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நபிமார்கள் கதையைச் சொல்லும்போது குரல் உடையும், கண் கலங்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். நரகத்தைக் காட்டி மிரட்டும் கேசட் பயான்கள் (மார்க்கச் சொற்பொழிவுகள்) கொடிகட்டிப் பறந்த ஊரில், இவர் அல்லாஹ்வின் அன்பைப் பற்றிப் பேசினார். 'இதயத்திலிருந்து ஒரு பேச்சு' என்ற அவருடைய முதல் பெரிய நிகழ்ச்சி வீடியோ கேசட்டாக விற்றுத்தான் பிரபலமானது, சானல்கள் பிறகுதான் வந்தன. தயாரித்தவர் அஹ்மத் அபூ ஹைபா. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வருவார்.

2002இல் அவர் எகிப்தை விட்டு பிரிட்டன் போக வேண்டியதாயிற்று. பாதுகாப்புத் துறையினர் பேசவிடவில்லை என்பது அவர் தரப்பு. போனதால் எதுவும் குறையவில்லை. சாட்டிலைட் இருக்கும்போது எங்கே உட்கார்ந்து பேசினால் என்ன?

2004இல் இக்ராவில் 'வாழ்க்கையை உருவாக்குபவர்கள்' என்ற தொடர் வந்தது. என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே முக்கியமானது இதுதான், ஏனென்றால் இதில் பார்வையாளருக்கு வீட்டுப்பாடம் இருந்தது. பழைய துணி சேகரித்து ஏழைகளுக்குக் கொடு, மொட்டை மாடியில் காய்கறி போடு, சிகரெட்டை விடு, உன் லட்சியம் என்ன என்று எழுதி அனுப்பு. ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்து இதையெல்லாம் நிஜமாகவே செய்தன. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை வெளியே இறக்கிவிட்ட மார்க்க நிகழ்ச்சி என்று அதற்கு முன்னால் அரபியில் ஒன்றைச் சொல்வது கஷ்டம். 2007இல் டைம் இதழின் செல்வாக்குள்ள நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லாதவர் மார்க்கம் பேசலாமா என்று யாரும் கேட்கவில்லையா?

கேட்காமலா! கெய்ரோவின் பழைய மார்க்கப் பல்கலைக்கழகமான அஸ்ஹர் வட்டாரத்தில் ஒரு பக்கம், முதல் தலைமுறை முஸ்லிம்களின் வழியைக் கறாராகப் பின்பற்றச் சொல்லும் ஸலஃபிகள் இன்னொரு பக்கம். முறையாக ஓதாதவர், ஆழமில்லை, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான இனிப்பு மார்க்கம் என்று நிறைய வந்தது. அவர் சொன்ன பதில் சாமர்த்தியமானது: நான் முஃப்தி இல்லை, ஃபத்வா கொடுப்பதில்லை. சட்டக் கேள்வி வந்தால் ஒதுங்கிக்கொள்வார்.

டென்மார்க் பத்திரிகை நபிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்த தகராறு 2006இல் வெடித்தபோது, ஆலிம்களுக்கும் இவருக்கும் உள்ள இடைவெளி நன்றாகத் தெரிந்தது. உலகம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருக்கையில் இவர் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு கோபன்ஹேகனுக்கே பேசப் போனார். கர்ளாவி வெளிப்படையாகவே கண்டித்தார்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள்?

முஇஸ் மஸ்ஊத், முஸ்தஃபா ஹுஸ்னி இருவரும் எகிப்தியர்கள், இருவருமே 1978இல் பிறந்தவர்கள். முஇஸ் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து 'சரியான பாதை' என்ற தொடரை ஊர் ஊராகப் போய் எடுத்தார், போதைப்பொருள், காதல் மாதிரி விஷயங்களைத் தயங்காமல் பேசினார், பின்னாளில் சினிமாத் தயாரிப்புக்குப் போய்விட்டார். முஸ்தஃபா ஹுஸ்னி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். சவூதியின் ஷுகைரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அர்-ரிசாலா எந்த வகையில் வேறுபட்டது?

2006இல் தொடங்கியது. பணம் சவூதி இளவரசர் அல்-வலீத் பின் தலாலுடையது, நடத்தியவர் குவைத்தின் தாரிக் அஸ்-ஸுவைதான். ஸுவைதான் பெட்ரோலியப் பொறியியலில் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மேலாண்மைப் பயிற்சி கொடுப்பவர், அப்புறம்தான் மார்க்கப் பேச்சாளர். அதனால் சானலும் அப்படியே இருந்தது. பெண் தொகுப்பாளர்கள் உண்டு, இசை உண்டு, பேச்சு நிகழ்ச்சி, நாடகம் எல்லாம் உண்டு. மிதவாத இஸ்லாம் என்பதையே விளம்பர வாசகமாக வைத்து ஓட்டினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அரபு உலகத்தின் மிகப் பெரிய பாட்டு நிறுவனமான ரொட்டானாவும் அதே இளவரசருடையதுதான். இக்ராவும் அப்படித்தான், ஏஆர்டி குழுமத்தில் சினிமாவும் உண்டு, பாட்டும் உண்டு, இக்ராவும் உண்டு. எந்தப் பாட்டு சானலிலிருந்து இளைஞர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்களோ, அதே முதலாளியின் இன்னொரு பாக்கெட்டுக்குத்தான் அந்தப் பாட்டு சானலின் வருமானமும் போனது. ஸலஃபி விமர்சகர்கள் இதைச் சும்மா விடவில்லை, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

இசை பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

இசைக்கருவி கூடுமா கூடாதா என்பது பழைய மார்க்கப் பிரச்சினை. கறாரான தரப்பு தஃப் என்ற ஒற்றைப்பக்கத் தோல் வாத்தியம் தவிர எதையும் ஏற்காது, கர்ளாவி போன்றவர்கள் நிபந்தனையோடு ஏற்றார்கள். டிவி வந்ததும் இது நடைமுறைச் சிக்கலாகிவிட்டது. நிகழ்ச்சித் தொடக்கத்தில் பத்து விநாடி இசை வருமே, அதற்கு என்ன செய்வது? சவூதியின் அல்-மஜ்த் இசையே இல்லாமல் ஓட்டியது, பின்னணிக்கு மனிதக் குரலையே அடுக்கி ஒலிச்சேர்க்கை செய்து போட்டார்கள். கேட்டால் சில இடங்களில் கீபோர்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அர்-ரிசாலா இசையை அனுமதித்தது. ஒரு சானலைப் போட்டதும் அது எந்த முகாம் என்று கண்டுபிடிக்க, பேச்சாளர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முகப்பு இசையே சொல்லிவிடும்.

ஸாமி யூசுஃப் எப்படி இதற்குள் வந்தார்?

தெஹ்ரானில் பிறந்து லண்டனில் வளர்ந்த, அஸர்பைஜான் வம்சாவளிப் பாடகர். 2003இல் 'அல்-முஅல்லிம்' என்ற ஆல்பம். தலைப்புப் பாடலின் வீடியோதான் திருப்பம். அதை எகிப்தில் எடுத்தார்கள். அதில் அவர் நவநாகரிகமான வீட்டில் அம்மாவோடு வாழும் புகைப்படக்காரர். ஹிஜாப் அணிந்த அம்மாவின் கையை முத்தமிட்டுவிட்டுக் கிளம்புகிறார், பார்வையற்ற முதியவருக்குத் துணை வருகிறார், குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், கடைசியில் பாலைவனத்துக்குப் போய் கஅபாவை நினைவுபடுத்தும் ஒளிரும் வடிவம் ஒன்றைப் படம்பிடிக்கிறார். நல்ல கேமரா, நல்ல வீடு, நல்ல உடை. மற்ற பாட்டு வீடியோக்களில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் இதில் இருந்தது, ஆடும் பெண்ணின் இடத்தில் அம்மா இருந்தார், அவ்வளவுதான். மெலடி மாதிரி சாதாரண பாட்டு சானல்களே இதைத் திரும்பத் திரும்பப் போட்டன.

பக்தியாக இருக்க ஏழையாகவோ பழைய ஆளாகவோ இருக்கத் தேவையில்லை என்பதுதான் அந்த வீடியோ சொன்ன செய்தி. வசதி இல்லாத வீட்டுப் பையன் அதை எப்படிப் பார்த்திருப்பான் என்ற கேள்வி எனக்கு உண்டு. 2009இல், ஸாமி யூசுஃபின் ஆல்பத்தை வெளியிட்ட அதே அவேக்கனிங் நிறுவனத்திலிருந்து ஸ்வீடன்-லெபனான் பாடகர் மாஹிர் ஸெய்ன் வந்தார். அவர் இன்னும் பெரிய அளவில் ஓடினார்.

ஃபோர் ஷபாப்தான் அந்த 'இஸ்லாமிய எம்டிவி'யா?

அதேதான். 2007 நவம்பரில் எம்டிவி அரேபியா வந்தது. 2009இல் ஃபோர் ஷபாப் தொடங்கியது. தொடங்கியவர் மேலே சொன்ன அதே அஹ்மத் அபூ ஹைபா. நாள் முழுக்க மார்க்கக் கருத்துள்ள பாட்டு வீடியோக்கள், பாடகர்களைத் தேடும் போட்டி, இளைஞர் பேச்சு நிகழ்ச்சி. இசைக்கருவி எல்லாம் உண்டு, ராப் கூட உண்டு. ஆரம்பத்தில் பெண் பாடகிகள் இல்லை, அந்தக் கோட்டைத் தாண்ட அவர்களுக்கே துணிச்சல் வரவில்லை.

இரண்டு பக்கமும் அடி விழுந்தது. கறார்த் தரப்புக்கு இது கிடாருக்குத் தொப்பி போட்டுவிட்ட மாதிரி. மதச்சார்பற்றவர்களுக்கு இது எம்டிவியைக் காப்பியடித்த பிரச்சாரம். எனக்குத் தோன்றுவது வேறு: பாட்டு சானல் நடத்த நாளைக்கு எத்தனை பாட்டு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். தரமான மார்க்க வீடியோ அன்றைக்கு எத்தனை இருந்தது? ரொட்டானாவுக்குப் பின்னால் ஒரு தொழிலே இருந்தது, பாட்டு எழுத, மெட்டுப் போட, படம் எடுக்க ஆள் வரிசையில் நின்றார்கள். இவர்களுக்கு எண்ணம் இருந்தது, சரக்கு போதவில்லை, போட்டதையே போட வேண்டியதாயிற்று.

ஷுகைரி பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

சொல்கிறேன். என் கணக்கில் இந்தத் துறையிலேயே கெட்டிக்காரர் அவர்தான்.

1973இல் ஜித்தாவில் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் படித்தவர். 2002இல் எம்பிசியில் 'யல்லா ஷபாப்' என்ற நிகழ்ச்சியில் முகம் காட்டினார். 2005 ரமலானில் 'கவாத்திர்' தொடங்கியது. சில நிமிடங்களே ஓடும் சின்ன நிகழ்ச்சி. பிறகு நீளம் கூடி, 2015 வரை பதினோரு பருவங்கள் வந்தன. நான் ஆலிமும் இல்லை, முஃப்தியும் இல்லை, கற்றுக்கொண்டிருப்பவன் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

2009இல் வந்த ஐந்தாவது பருவத்தை முழுக்க ஜப்பானில் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே துடைப்பம் எடுத்து வகுப்பறையைப் பெருக்குவதை, தரையைத் துடைப்பதைக் காட்டுகிறார். அதற்குப் பக்கத்தில் அரபு ஊர்களில் நடப்பதை வைக்கிறார். சுத்தம் ஈமானில் (இறைநம்பிக்கையில்) பாதி என்று நாம்தானே ஓதுகிறோம், செய்கிறவர்கள் யார் என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஹதீஸ் விளக்கம் சொன்னாலும் இவ்வளவு சுருக்கென்று தைக்காது. வெட்கப்பட வைத்தார், ஆனால் திட்டவில்லை. மார்க்கம் கற்க ஜப்பானுக்கா போவது, வெளிநாட்டுத் துதி பாடுகிறார் என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவர் காட்டிய ஜப்பானில் வேலை அழுத்தம், தனிமை மாதிரி எதுவும் கண்ணில் படாது, எல்லாம் பளபளவென்று இருக்கும்.

முக்கியமான விஷயம், இது வந்தது மார்க்க சானலில் இல்லை. துருக்கி சீரியலும் பாட்டுப் போட்டியும் ஓடுகிற எம்பிசியில், ரமலானில், குடும்பமே டிவி முன்னால் இருக்கிற காலத்தில்.

அப்படியானால் மார்க்க சானல்களை இளைஞர்கள் பார்க்கவே இல்லையா?

பார்த்தார்கள், ஆனால் சானலாகப் பார்த்தவர்கள் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். குறிப்பிட்ட ஆளுக்காக, குறிப்பிட்ட நிகழ்ச்சிக்காகப் போனார்கள், முடிந்ததும் ரிமோட் நகர்ந்தது. நாள் முழுக்க மார்க்க சானலை ஓடவிட்டது அம்மாக்களும் தாத்தாக்களும். சானல்காரர்கள் இளைஞர் என்று சொல்லி விளம்பரம் பிடித்தார்கள், வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்திருந்தது வேறு தலைமுறை. நம் ஊரில் ரமலான் சஹர் நேரத்தில் தமிழ் சானல்களில் வரும் பயான் நிகழ்ச்சிகளை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று யோசித்தால் இது புரியும்.

பெண்களுக்கு இடம் இருந்ததா?

சானலைப் பொறுத்தது. எகிப்தின் அந்-நாஸ் ஸலஃபி சானலாக இருந்த காலத்தில் அதில் பெண் முகமே கிடையாது. அர்-ரிசாலாவில் ஹிஜாப் அணிந்த தொகுப்பாளர்கள். இதில் எகிப்து அரசு டிவியின் கதை தலைகீழ்: அங்கே ஹிஜாப் அணிந்த பெண் செய்தி வாசிக்கவே முடியாது என்ற நிலை 2012 செப்டம்பரில்தான் உடைந்தது. அதே 2012 ரமலானில் முகத்தை மூடும் நிகாப் அணிந்த பெண்களே முழுக்க நடத்தும் 'மாரியா' என்ற சானல் கெய்ரோவில் தொடங்கியது, நிலைக்கவில்லை. அஸ்ஹர் பேராசிரியை அப்லா அல்-கஹ்லாவியை மட்டும் எகிப்தில் எல்லா வீட்டிலும் மரியாதையோடு பார்த்தார்கள். 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது ஊரே துக்கப்பட்டது.

குழந்தைகளுக்கு?

2008இல் வந்த 'துயூர் அல்-ஜன்னா'வைச் சொல்லாமல் முடியாது. ஜோர்டானைச் சேர்ந்த குடும்பம் நடத்தும் பாட்டு சானல், அந்த வீட்டுப் பிள்ளைகளே பாடினார்கள். அரபு வீட்டில் வளர்ந்த எந்தச் சிறுவனைக் கேட்டாலும் ஒரு பாட்டாவது வாய்ப்பாடமாக இருக்கும். இளைஞர் சானல்கள் ஏங்கிய வெற்றி இதற்குச் சுலபமாகக் கிடைத்தது, காரணம் ரிமோட் அம்மா கையில் இருந்தது.

இந்த சானல்களை மூடியது யார்?

நேரடியான பதில்: அரசாங்கங்களும் முதலாளிகளும்.

அந்-நாஸை எடுத்துக்கொள்வோம். 2006இல் கெய்ரோவில் பாட்டும் கனவுப் பலனுமாகத் தொடங்கி, சில மாதங்களில் ஸலஃபி ஷேக்குகளின் கோட்டையாக மாறியது. உங்களைச் சொர்க்கத்துக்கு அழைத்துச் செல்லும் திரை என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. முபாரக் அரசு ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை, அரசியல் பேசாதவரை ஸலஃபிகளால் தொல்லை இல்லை என்ற கணக்கு. 2010 அக்டோபரில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாதம், அதையும் இன்னும் சில சானல்களையும் நிறுத்தி வைத்தார்கள். முபாரக்கை இறக்கிய 2011 புரட்சிக்குப் பிறகு திரும்ப வந்து வெளிப்படையாக அரசியல் பேசினார்கள். 2013 ஜூலை 3, அதிபர் முர்ஸியை ராணுவம் இறக்கிய அதே இரவில், அந்-நாஸ் உட்படப் பல மார்க்க சானல்களின் திரை கறுப்பாகிவிட்டது.

அடுத்த மாதம் அர்-ரிசாலாவில் அல்-வலீத் ஸுவைதானை வேலையிலிருந்து நீக்கினார், முர்ஸியின் இயக்கமான இஃக்வானுல் முஸ்லிமூன் (முஸ்லிம் சகோதரத்துவம்) அமைப்போடு தொடர்பு என்பது காரணம். ட்விட்டரில் அறிவித்தார். ஏழு வருடம் கட்டிய சானலின் தலைவர் வெளியே போக ஒரு ட்வீட் போதுமானதாக இருந்தது. சவூதியில் 2017 செப்டம்பரில் ஸல்மான் அல்-அவ்தா கைதானார். எம்பிசியில் நிகழ்ச்சி நடத்தி இளைஞர்களிடம் பெயர் வாங்கியிருந்தவர்.

எல்லா சானலும் இலவசம், விளம்பரம் குறைவு, எஸ்எம்எஸ் காசு கொஞ்சம், மீதி முதலாளி கைக்காசு. பார்வையாளர் சந்தாவாக ஒரு ரியால்கூடக் கொடுக்காத சானலை மூடும்போது பார்வையாளரை யார் கேட்கப் போகிறார்கள்?

அம்ர் காலித் ஒரு கோழி விளம்பரத்தில் சிக்கினாராமே?

ஆமாம், 2018 ரமலானில். இந்தக் கோழியைச் சாப்பிட்டால் இபாதத் (வழிபாடு) நன்றாக வரும் என்கிற தோரணையில் ஒரு விளம்பரம். இணையம் கிழித்துத் தொங்கவிட்டது, அவர் மன்னிப்புக் கேட்டார். புரட்சிக்குப் பிறகு அரசியலில் எங்கே நிற்கிறார் என்று தெளிவாகச் சொல்லாமல் நழுவியதால் ஏற்கெனவே பழைய ரசிகர்கள் பலர் கசந்திருந்தார்கள், அந்த வீடியோ மிச்சத்தையும் முடித்து வைத்தது.

இப்போது பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

யூடியூபில். 'கவாத்திர்' பருவங்கள் கிடைக்கின்றன, ஐந்தாவதில் தொடங்குங்கள், அரபி அரைகுறையாகத் தெரிந்தால்கூடக் காட்சியே புரியவைக்கும். அதற்குப் பிறகு அவர் செய்த 'கும்ரா' இன்னும் சுவாரஸ்யம், பார்வையாளர்கள் எடுத்தனுப்பிய படங்களை வைத்தே நடந்த நிகழ்ச்சி. அம்ர் காலித் வேண்டுமென்றால் 2004 தொடரைப் பாருங்கள், பிற்காலத்தை விடுங்கள். அவர் பேசுவது எகிப்திய வழக்கு, வளைகுடா அரபி மட்டும் பழகிய காதுக்கு முதல் சில பகுதிகள் பிடிபடாது, கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்.